இரண்டாவது தட்டில் எரிந்த விளக்கு

அத்தியாயம் 9

"பாஸ், இந்த விமானத்துக்கு என்ன வயசிருக்கும்?"

"உன்னைவிட மூத்தது" என்றாள் வெர்னா பாஸ்கோ, முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே. "ஆனா உன்னைவிடக் கம்மியாத்தான் சத்தம் போடுது."

வெர்னாவின் உதவியாளன் டூலி, நான்கு பேர் உட்காரக்கூடிய அந்த ஒற்றை எஞ்சின் விமானத்தின் பின் இருக்கையில், முழங்காலுக்கும் முகவாய்க்கும் நடுவில் இடமே இல்லாமல் மடங்கிக் கிடந்தான். ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தான். ஆனாலும் பார்த்தான். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நிலா இல்லாத இரவில் குவீன்ஸ்லாந்தின் மேற்குக் கோடி அடுப்புக்கரி மாதிரி கிடந்தது. ஒரு வீட்டு விளக்கு இல்லை, ஒரு லாரி வெளிச்சம் இல்லை.

"இப்படி ஒரு இருட்டுல வில்காரா எங்கே இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க ஜாஸ்லின்?"

விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த ஜாஸ்லின் ட்ரெத்வே முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். டெல்பாவில் கிளம்பியதிலிருந்தே அவள் அதிகம் பேசவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே வழியில், இதே மாதிரி ஒரு இரவில் பறந்து வந்துதான் அவள் தம்பி அலெக் செத்துப்போயிருந்தான்.

"நேரமும் திசையும் தெரிஞ்சா போதும்" என்றாள் கடைசியில். "பக்கத்துல போனதும் வில்காராவோட அலைவரிசையில மைக் பொத்தானை மூணு தடவை அமுக்குவேன். ஓடுபாதை விளக்கெல்லாம் தானா எரியும்."

"தானாவா? கீழே ஆளே இருக்க மாட்டாங்களா?"

"ஒரு குடிசை. அதுக்குள்ள ஒரு பெட்டி. அவ்வளவுதான். அது ராத்திரி முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்கும். மூணு தட்டு கேட்டா விளக்கைப் போடும். அரை மணி நேரம் கழிச்சு அதுவே அணைச்சுடும்."

"எங்க வீட்டு ஓனர்கூட இப்படித்தான். மூணு தட்டு தட்டினாத்தான் கதவைத் திறப்பாரு" என்றான் டூலி.

யாரும் சிரிக்கவில்லை.

அலெக்கின் சாவைப் பற்றி விசாரித்த அதிகாரிகளுக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. விளக்குகள் நன்றாக வேலை செய்தன. விமானத்தில் கோளாறு இல்லை. ஓடுபாதைக்குத் தெற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஓடைக்கரையில் மோதி நொறுங்கியிருந்தது. களைத்துப்போன விமானி வழி தவறிவிட்டார் என்று எழுதி மூடிவிட்டார்கள். ஜாஸ்லின் அதை நம்பவில்லை. துப்பறிபவளான வெர்னாவைத் தேடி வந்தாள்.

வெர்னாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அன்றிரவு அந்தப் பக்கமாக உயரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு சரக்கு விமானி, அலெக் ரேடியோவில் யாரிடமும் என்றில்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டிருந்தார். "ரெண்டு தட்டுக்கே எரியுதே! இன்னிக்கு எனக்கு மரியாதை ஜாஸ்தி."

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு வெர்னா நான்கு நாள் தூங்கவில்லை. ஐந்தாவது நாள் ஜாஸ்லினைக் கூப்பிட்டு, "உன் தம்பி வந்த வழியிலேயே, ராத்திரியில என்னைக் கூட்டிக்கிட்டுப் போ. விமானத்தை ஓட்டறது நீன்னு மட்டும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றாள்.

அதனால்தான் ரேடியோவில் பேசும் வேலை டூலியின் தலையில் விழுந்திருந்தது.

"வந்துட்டோம்" என்றாள் ஜாஸ்லின். "பத்து மைல். பேசுங்க டூலி."

"எப்படிப் பேசணும்?"

"விமானி மாதிரி" என்றாள் வெர்னா.

"விமானிங்க எப்படிப் பேசுவாங்க?"

"தூக்கத்துலேர்ந்து இப்பதான் எழுந்த மாதிரி."

டூலி மைக்கை வாங்கினான். உள்ளங்கை வேர்த்து அது வழுக்கியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, வில்காராவுக்கு வடக்கிலிருந்து ஒரு விமானம் தரையிறங்க வருகிறது என்று சொன்னான். யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். பெட்டிக்குக் கேட்கத்தான் தெரியும்.

ஜாஸ்லின் கைப்பிடியிலிருந்த பொத்தானை அழுத்தினாள். காதில் ஒரு சின்ன 'டக்'. விட்டாள். மறுபடி அழுத்தினாள்.

கீழே, இருட்டின் நடுவில், இரண்டு வரிசையாக விளக்குகள் பூத்தன.

"அப்பாடா!" டூலி கையைத் தட்டினான். "என் வாழ்க்கையில இவ்வளவு அழகா ஒண்ணைப் பாத்ததில்ல. கடவுளே, அந்தப் பெட்டிக்கு நாளைக்கே ஒரு கேக் வாங்கிக் குடுக்கறேன்!"

ஜாஸ்லின் மூச்சை விட்டாள். விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினாள். விளக்கு வரிசைகள் மெல்லத் திரும்பி அவர்களுக்கு நேராக வந்தன. இவ்வளவு நேரம் ஒன்றுமே இல்லாமல் இருந்த உலகத்தில், இறங்குவதற்கு ஓர் இடம்.

"டூலி" என்றாள் வெர்னா. "எத்தனை தட்டு?"

"என்ன பாஸ்?"

"ஜாஸ்லின் எத்தனை தடவை அமுக்கினா?"

டூலி யோசித்தான். "ரெண்டு."

"பெட்டிக்கு அவசரம் கிடையாது. மூணாவது தட்டு வர்ற வரைக்கும் அது காத்திருக்கும். ரெண்டாவதுலேயே போடறது மனுஷன் கை. விரலை வெச்சுக்கிட்டுக் காத்திருந்த கை." வெர்னா முன்கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தாள். "ஜாஸ்லின், காற்றுப்பை எங்கே?"

"அது என்னது?" என்றான் டூலி.

"காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டுற துணிப்பை. ஜாஸ்லின், ஓடுபாதை விளக்கு எரிஞ்சா அதுக்கு மேல இருக்கற விளக்கும் சேர்ந்து எரியும்னு நீதானே சொன்ன? அது எங்கே?"

ஜாஸ்லின் பார்த்தாள். விளக்கு வரிசைகளுக்கு இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் கரி இருட்டு.

"இது ஓடுபாதை இல்ல!" என்று வெர்னா கத்தினாள். "மேலே போ!"

எஞ்சின் அலறியது. டூலியின் வயிறு இருக்கையிலேயே தங்கிவிட, மற்ற உடம்பு மட்டும் மேலே போனது. விமானத்தின் முன்விளக்கு ஒரு கணம் கீழே இருந்ததைத் தொட்டுவிட்டுப் போயிற்று. வெடித்த களிமண் தரை. அந்தத் தரை முடிகிற இடத்தில், ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நின்ற ஓடைக்கரை. அதன் மேல் பட்டுப்போன யூகலிப்டஸ் மரங்கள். ஒரு கிளை சக்கரத்தில் உரசிய சத்தம் தெளிவாகக் கேட்டது.

பிறகு மறுபடி இருட்டு.

டூலி தன் இரண்டு கைகளாலும் ஜாஸ்லினின் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எப்போது பிடித்தான் என்று தெரியவில்லை.

"அங்கேதான்" என்றாள் ஜாஸ்லின். "அலெக் மோதின கரை அதுதான்."

"ஆமாம்."

"அவன் காற்றுப்பையைப் பாத்திருக்க மாட்டான். எத்தனையோ தடவை இறங்கின இடம். விளக்கைப் பாத்ததும் வீட்டுக்கு வந்துட்டோம்னு நினைச்சிருப்பான்." அவள் குரல் உடையவில்லை. ஆனால் விமானம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது.

வில்காராவைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தில் பறந்தார்கள். கீழே பொய் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. ஜாஸ்லின் பொத்தானை மூன்று தடவை அழுத்தினாள். நிதானமாக, இடைவெளி விட்டு. உண்மையான ஓடுபாதை எரியவில்லை. இன்னும் மூன்று தடவை. எரியவில்லை.

"குடிசையில மெயின் சுவிட்சை அணைச்சு வெச்சிருக்கான்" என்றாள் வெர்னா. "நிஜ விளக்கு எரியக் கூடாது. தூரத்துல பேட்டரி விளக்குங்களை வரிசையா வெச்சுட்டு, கையில ஒரு ரிமோட்டோட ரேடியோவைக் கேட்டுக்கிட்டு இருக்கான். காலையில விளக்கை எல்லாம் பொறுக்கிக்கிட்டு, சுவிட்சைப் போட்டுட்டா முடிஞ்சுது. விசாரிக்க வர்றவங்களுக்கு எல்லாம் சரியா வேலை செய்யும்."

"ரொம்ப நல்லது பாஸ். புரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போகலாம்" என்றான் டூலி.

"அதேதான் என் திட்டமும். ஜாஸ்லின், டெல்பாவுக்குத் திருப்பு. காலையில போலீஸோட வருவோம்."

ஜாஸ்லின் விமானத்தைத் திருப்பினாள். திருப்பியவள், "அய்யோ" என்றாள் மிக மெதுவாக.

வடக்கே நட்சத்திரங்கள் இல்லை. வானத்தின் அடிப்பாதியை யாரோ கம்பளி போட்டு மூடின மாதிரி இருந்தது. அவள் ரேடியோவின் குமிழைத் திருகினாள். டெல்பாவின் தானியங்கி வானிலைக் குரல் வந்தது. இனிமையான பெண் குரல். புழுதிப் புயல், பார்வைத் தூரம் பூஜ்யம் என்று அது சொன்னது. சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"விடியற்காலையிலதான் வரும்னு சொன்னாங்க" என்றாள் ஜாஸ்லின். "முன்னாடியே வந்துடுச்சு. டெல்பா மூடியாச்சு."

"வேற ஊர்?"

"அதுக்குப் பெட்ரோல் பத்தாது. விடியற வரைக்கும் இங்கேயே சுத்தவும் பத்தாது."

டூலி வெர்னாவைப் பார்த்தான். ஏழு வருஷமாக அவளோடு வேலை செய்கிறான். அவள் நெற்றியில் துப்பாக்கி வைக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறான். அப்போதுகூட அவள் துப்பாக்கி வைத்தவனின் ஷூவைக் கிண்டல் செய்தாள். இப்போது அவள் ஏற்கனவே மாட்டியிருந்த இருக்கைப் பெல்ட்டை இரண்டு கையாலும் மறுபடி மறுபடி இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

கீழே இருந்த ஓடைக்கரையைவிட அந்தக் கைகளைப் பார்த்துத்தான் டூலி அதிகம் பயந்தான்.

"பாஸ்?"

"யோசிக்க விடு."

"நீங்க யோசிச்சு முடிச்சுட்டுத்தானே எங்களை இதுல ஏத்துவீங்க? எப்பவும் அப்படித்தானே?"

"புயலை யோசிக்கல." அவள் பெல்ட்டை விட்டாள். "ஜாஸ்லின், ஒண்ணு கேக்கறேன். நாங்க இன்னிக்கு ராத்திரி வர்றோம்னு வில்காராவுல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நீங்கதான் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"நீ ஓட்டறேன்னு சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். நாங்க வர்றோம்னு யார்கிட்ட சொன்ன?"

பொய் விளக்குகளின் மஞ்சள் வெளிச்சம் ஜன்னலில் ஒரு தடவை வந்து, நகர்ந்து, போயிற்று.

"ராஸ்கிட்ட மட்டும்" என்றாள் ஜாஸ்லின்.

ராஸ் அவள் புருஷன். வில்காராவில் மாடு ஓட்டும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தான். மாடுகளை மேலிருந்து மடக்கி ஓட்ட ஒரு ஹெலிகாப்டர் வைத்திருந்தான். அலெக்கின் விமானத்தை விடியற்காலையில் முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவனும் அவன்தான்.

"என்ன சொன்ன?"

"துப்பறியறவங்க ரெண்டு பேரும் வாடகை விமானத்துல, வேற விமானியோட வர்றாங்கன்னு. நான் டெல்பாவுலயே தங்கிடறேன்னு. ராத்திரியில நான் ஓட்டறது அவனுக்குப் பிடிக்காது. பயப்படுவான். அதான்..." அவள் நிறுத்தினாள். "வேற என்னமோ நினைக்கறீங்க. அவன் இல்ல. வேற யாராவது ஒட்டுக் கேட்டிருப்பாங்க."

"நாங்க எதுக்கு வர்றோம்னு சொன்ன?"

"அலெக் மேலேர்ந்து பாத்தது என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, காலையில போலீஸ்ல சொல்லப் போறீங்கன்னு..."

டூலிக்கு அது ஞாபகம் இருந்தது. சாவதற்கு முந்தின நாள் இரவு, மாடு பிடிக்காத பருவத்தில், ஆளில்லாத ஒரு பட்டியில் யாரோ திருட்டுத்தனமாக லாரிகளில் மாடு ஏற்றுவதை அலெக் மேலேயிருந்து பார்த்திருந்தான். அக்காவிடம் போனில் சொன்னான். யார் என்று அவள் கேட்டதற்கு, 'நம்ம ஆளுங்கதான்னு நினைக்கறேன். முதல்ல நேர்ல கேட்டுடறேன், அப்புறம் சொல்றேன்' என்று சிரித்திருந்தான். நம்ம ஆளுங்க என்றால் ஊர்க்காரர்கள் என்றுதான் டூலி நினைத்திருந்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பாஸ்?" என்று கேட்டான். "அதான் என்னைப் பேச வெச்சீங்களா? ஜாஸ்லின் குரல் ராஸுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு?"

"சந்தேகம்தான்" என்றாள் வெர்னா. "தப்பா இருக்கணும்னு கிளம்பற வரைக்கும் வேண்டிக்கிட்டேன்." ஜாஸ்லின் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுடும்மா. வேற வழி தெரியல. கீழே இருக்கறது ராஸ் இல்லேன்னா, இப்ப நீ ரேடியோவுல பேசினாலும் கீழே ஒண்ணும் மாறாது."

"மாறலேன்னா நாம செத்துடுவோம்."

"ஆமாம்."

"மாறினா..." ஜாஸ்லின் முடிக்கவில்லை.

எரிபொருள் முள்ளைப் பார்க்கக் கூடாது என்று டூலி நினைத்துக்கொண்டான். பார்த்தான். அம்மாவின் முகம், சின்ன வயதில் குதிரையிலிருந்து விழுந்தது, டெல்பாவில் பாதி சாப்பிட்டு வைத்துவிட்டு வந்த இறைச்சி வடை எல்லாம் சம்பந்தமில்லாமல் மனசுக்குள் வந்து போயின. இந்த இரண்டு முடிவில் எதை வேண்டிக்கொள்வது? முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் புருஷன் கொலைகாரனாக இருக்கட்டும் என்று ஒருவன் கடவுளிடம் கேட்க முடியுமா? அவன் கேட்டான். வெட்கமில்லாமல் கேட்டான்.

ஜாஸ்லின் அவனிடமிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ராஸ்" என்றாள்.

ரேடியோவில் லேசான இரைச்சல்.

"ராஸ், நான் ஜாஸ்லின். ஓட்டறது நான்தான்."

கீழே இரண்டு வரிசை விளக்குகள் அசையாமல் எரிந்தன. ஜாஸ்லினின் தோள் கொஞ்சம் தளர்ந்ததை டூலி பார்த்தான். அவன் இல்லை என்று அவள் ஒரு கணம் நம்பினாள். சாகப் போகிறோம் என்று தெரிந்தும் அந்த ஒரு கணம் அவள் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஏதோ வந்தது.

"டெல்பா மூடிடுச்சு" என்றாள். "எனக்கு இறங்க வேற இடம் இல்ல ராஸ்."

விளக்குகள் அணைந்தன.

இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில், ஊதி அணைத்த மாதிரி. பூமி மறுபடி காணாமல் போயிற்று. டூலி தன்னையறியாமல் கத்தினான். விட்டுவிட்டுப் போய்விட்டான், ஓடிவிட்டான், நம்மை இந்த இருட்டில் தொங்கவிட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று தோன்றியது. வெர்னா பின்னால் திரும்பி அவன் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பிடியில் வலி இருந்தது. வலி நல்லதாக இருந்தது.

ஜாஸ்லின் ஒரே சீராக வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இருட்டு எவ்வளவு நேரம் நீடித்தது என்று பின்னால் கேட்டபோது டூலியால் சொல்ல முடியவில்லை.

பிறகு வடக்கே, அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, விளக்குகள் எரிந்தன. நீளமான, நேரான, வெள்ளை விளக்குகள். அவற்றின் பக்கத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில், வெளிச்சத்தில் நனைந்துகொண்டு, ஒரு துணிப்பை தொங்கியது.

"காற்றுப்பை" என்றான் டூலி. அழுதுகொண்டிருந்தான்.

"பாத்துட்டேன்" என்றாள் ஜாஸ்லின்.

அவ்வளவு மென்மையாக ஒரு விமானம் தரையைத் தொட்டதை டூலி அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. சக்கரங்கள் உருண்டன. வேகம் குறைந்தது. குடிசைக்கு எதிரே வந்ததும் ஜாஸ்லின் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். முன்விளக்கை மட்டும் அணைக்கவில்லை.

அந்த வெளிச்சத்துக்குள், குடிசையிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். தொப்பி இல்லை. சட்டை பாதி வெளியே வந்திருந்தது. ஒரு கையில் ரேடியோ. விமானத்துக்குக் கிட்டே வந்து, உள்ளே மூன்று பேரைப் பார்த்ததும் நின்றான்.

"போலீஸுக்குப் போன் பண்ணு" என்று வெர்னா டூலியிடம் கிசுகிசுத்தாள். கோட்டுப் பைக்குள் கையை விட்டு அங்கேயே வைத்துக்கொண்டாள்.

ஜாஸ்லின் கதவைத் திறந்து இறங்கினாள். இறக்கையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஸ் அவளைப் பிடிக்க ஓரடி முன்னால் வந்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அவன் நின்றான்.

"ஜாஸ்" என்றான். முகம் முழுக்கக் கண்ணீரும் புழுதியும். "உனக்கு ஒண்ணும் ஆகலையே? நீ ஓட்டறேன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது! டெல்பாவுல இருக்கேன்னுதானே சொன்ன? நீ இதுல இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா நான் இப்படிப் பண்ணுவேனா? சொல்லு, பண்ணுவேனா?"

ஜாஸ்லின் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அலெக் ஓட்டறான்னு உனக்குத் தெரியும்" என்றாள்.

ராஸ் கையிலிருந்த ரேடியோவைக் கீழே வைத்துவிட்டு, ஓடுபாதையின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டான். போலீஸ் ஜீப் வரும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.